அரசு வழக்கறிஞர்களுக்கான ஊடகப் பயிற்சி: பாதி சரக்கு, பாதி ஒப்பனை

அரசு வழக்கறிஞர்கள் செய்தியாளர்களிடம் எப்படிப் பேசுவது என்று ஓர் ஆன்லைன் வகுப்பு, ஆறு அமர்வுகள், போன மாதம் முடித்தேன். நடத்தியவர்கள் பெயரைச் சொல்லவில்லை, கொஞ்சம் திட்டவும் போகிறேன்.

முதல் இரண்டு அமர்வும் வீண். கேமராவில் எங்கே பார்ப்பது, என்ன நிறச் சட்டை, பிடிக்காத கேள்வியிலிருந்து எப்படி நழுவுவது என்று நடிகருக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் வக்கீலுக்குச் சொல்கிறார்கள். நடுவில் எழுந்து போய்த் துணி காயப்போட்டுவிட்டு வந்தேன், ஒன்றும் குடி முழுகவில்லை.

மூன்றாவதில்தான் விஷயம் வந்தது. 2006-ல் அமெரிக்காவின் டர்ஹாமில் அரசு வழக்கறிஞராக இருந்த மைக் நைஃபாங், டியூக் பல்கலைக்கழகத்தின் லக்ராஸ் (வலை கட்டிய கோலால் ஆடும் பந்து விளையாட்டு) அணி வீரர்கள் மேல் வந்த பாலியல் வன்கொடுமைப் புகாரில், யார் மீதும் குற்றம் சாட்டுவதற்கு முன்பே சேனல் சேனலாகப் பேட்டி கொடுத்தார், அந்த அணியே ரவுடிக் கும்பல் என்கிற தோரணையில். அவர் பதவிக்கான தேர்தலும் அப்போது நெருங்கிக்கொண்டிருந்தது. வீரர்களுக்குச் சாதகமான டிஎன்ஏ முடிவுகளோ முழுதாக எதிர்த்தரப்புக்குப் போகவில்லை. 2007-ல் வழக்கு கைவிடப்பட்டது, மாநில அட்டர்னி ஜெனரல் அவர்கள் நிரபராதிகள் என்றே அறிவித்தார், நைஃபாங்குக்கு வக்கீல் தொழிலே போயிற்று. பயிற்றுநர் அந்தப் பேட்டிகளை வரிவரியாக நிறுத்தி, ‘இந்த வாக்கியம் வழக்குக்கு எதற்கு?’ என்று கேட்டுக்கொண்டே போனார். மைக்ரோஃபோனைப் பார்த்தாலே இப்போது எனக்கு அந்தக் கேள்விதான் மண்டையில் ஓடுகிறது.

அடுத்து, பயிற்சிக்காக ஒரு போலிப் பேட்டி. ‘ஆதாரம் பலமாக இருக்கிறது’ என்றுதான் சொன்னேன், உடனே நிறுத்திவிட்டார்: தீர்ப்பை நீயே எழுதிவிட்டாயே! குற்றச்சாட்டு என்ன, வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது, அடுத்த வாய்தா எப்போது, அவ்வளவுதான் என் பங்கு என்றார். சரி என்று ஒத்துக்கொண்டேன், எரிச்சலோடு.

பெரிய ஓட்டை எங்கே என்றால், அமெரிக்க பார் அசோசியேஷன் (வழக்கறிஞர் சங்கம்) அரசு வழக்கறிஞர்களின் நடத்தைக்கு வகுத்த மாதிரி விதி 3.8-ஐ முன்பாதி மட்டும் படித்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவர் மேல் மக்களின் வெறுப்பைக் கூட்டிவிடும் பேச்சு கூடாது என்பதோடு, தன்னோடு வேலை செய்யும் போலீசும் அப்படிப் பேசாமல் அரசு வழக்கறிஞர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. பெரும்பாலும் கசிவதே அந்தப் பக்கம்தானே, ‘வட்டாரங்கள் தெரிவித்தன’ என்று. அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அப்புறம் உஜ்வல் நிகம், 2008 மும்பைத் தாக்குதலில் உயிரோடு பிடிபட்ட கசாப் மீதான வழக்கின் அரசு வழக்கறிஞர். கசாப் சிறையில் பிரியாணி கேட்டான் என்ற கதையைத் தானே இட்டுக்கட்டியதாகவும், அவனுக்குச் சாதகமாகக் கிளம்பிய உணர்ச்சி அலையை உடைக்கவே அப்படிச் செய்ததாகவும் 2015-ல் அவரே சொன்னார். குற்றம் எவ்வளவு கொடூரமாக இருந்தாலும் அரசுத் தரப்பு வாயால் பொய் வரலாமா என்று கேட்டேன், நேரம் முடிந்துவிட்டது என்றார்கள். இருபது நிமிடம் மிச்சம் இருந்தது.

புதிதாகப் பொறுப்புக்கு வந்தவர்கள் மூன்றாவதும் நான்காவதும் மட்டும் பார்த்தால் போதும். சான்றிதழில் என் பெயரைத் தப்பாக அடித்திருக்கிறார்கள், இரண்டு தடவை எழுதியும் பதில் இல்லை. தொடர்புக்கலை சொல்லிக்கொடுக்கிறவர்கள்!