பி.டி.எஃப் அளவு மாற்றக் கொடுக்கிறீர்களா? கவனம்

தருமபுரியில் சர்வே, பத்திர வேலை பார்ப்பவர்கள் காசை நீட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். நாலு ரோடு பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டர், பெயர் வேண்டாம். 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிவதற்கு முந்தைய கிரையப் பத்திரங்களின் ஸ்கேன், புலப்படங்கள் (நிலத்தின் எல்லைகளை அளவோடு காட்டும் வரைபடங்கள்), வில்லங்கச் சான்றுகள் என ஒரு பென்டிரைவ் நிறைய பி.டி.எஃப் கொடுத்தேன். லீகல் தாளில் உள்ள பத்திரங்களை மட்டும் ஏ4 ஆகச் சுருக்க வேண்டும், மற்றவற்றைத் தொடக் கூடாது என்று எழுதியே கொடுத்தேன். பக்கத்துக்கு இவ்வளவு என்று முழுப் பணத்தையும் முன்னதாகவே வாங்கிக்கொண்டார்கள். பில் தரவில்லை.

பத்திரங்களைச் சுருக்கவே இல்லை, வெட்டியிருக்கிறார்கள். லீகல் தாளின் உயரம் 356 மி.மீ., ஏ4 297 மி.மீ. 83 சதவீதமாகச் சுருக்கினால் முழுப் பக்கமும் அடங்கிவிடும். இவர்களோ மேல் விளிம்பை ஒட்டி வைத்து, அடியில் ஆறு சென்டிமீட்டரைக் கழித்துவிட்டார்கள். கையொப்பமும் சார்பதிவாளர் அலுவலக முத்திரையும் இருப்பதே அங்கேதான். ஒரு பத்திரத்தில் கைநாட்டின் மேல்பாதி மட்டும் தெரிகிறது!

அங்கே வெட்டியவர்கள், தொடாதே என்ற புலப்படத்தைச் சுருக்கினார்கள். ஏ3 தாளில் 1:1000 அளவுகோல். 100 மீட்டர் எல்லை தாளில் 10 செ.மீ. இருக்கும். ஏ4 ஆனதும் அது 7 செ.மீ. ஆகிவிட்டது, மூலையில் 1:1000 என்ற எழுத்து மட்டும் மாறவில்லை. ஸ்கேல் வைத்து அளப்பவருக்கு 30 மீட்டர் நிலம் காணாமல் போயிருக்கும். வரப்புத் தகராறுக்கு இதைவிட என்ன வேண்டும்?

வில்லங்கச் சான்றுகளைப் படமாக்கிவிட்டதால் சர்வே எண்ணைத் தேடினால் அகப்படுவதில்லை, மின்கையொப்பமும் போய்விட்டது. போதாததற்கு, சோதனைப் பதிப்பு மென்பொருளின் பெயர் பக்கத்துக்குப் பக்கம் குறுக்கே கிடக்கிறது. அவர்கள் காசு கொடுத்து வாங்காத மென்பொருளுக்கு நான் காசு கொடுத்திருக்கிறேன்!

கேட்டதற்கு, "மென்பொருள் செய்தது சார், நாங்கள் என்ன செய்வது?" என்றார் உரிமையாளர். பணம் இன்னும் வரவில்லை.

கொடுத்தே ஆக வேண்டுமென்றால் தாளளவுக்கு ஒரு கோப்பாக மாதிரி செய்யச் சொல்லிப் பார்த்துவிட்டு மீதியைக் கொடுங்கள். பக்கத்தின் அடிப்பகுதியை முதலில் பாருங்கள். மின்கையொப்பம் உள்ள கோப்பை யாரிடமும் கொடுக்காதீர்கள். அளவை மாற்றினாலே கையொப்பம் செல்லாது. அதற்கு அச்செடுக்கும்போது பிரிண்டரிலேயே தாளுக்குப் பொருத்திக்கொண்டால் போதும்.