5600ஆ 12400எஃப்பா? காசு கம்மியா இருக்கறவங்க கேம் பிசிக்கு

கேம் ஆடணும், பட்ஜெட் கம்மின்னு ப்ராசசர் தேட ஆரம்பிச்சா சுத்தி சுத்தி ரெண்டு பேர்லதான் வந்து நிக்கும், ஏஎம்டி ரைசன் 5 5600, இன்டெல் கோர் ஐ5 12400எஃப். ரெண்டும் 2022ல வந்தது, ரெண்டுலயும் 6 கோர் 12 த்ரெட், பூஸ்ட் கூட ரெண்டுக்கும் 4.4 கிகாஹெர்ட்ஸ்தான், பேசி வச்சுகிட்டு இறக்கின மாதிரி. எல்3 கேஷ், அதாவது ப்ராசசருக்குள்ளயே இருக்கற வேகமான குட்டி மெமரி, மட்டும் 5600ல 32 எம்பி, 12400எஃப்ல 18. அதைப் பாத்ததும் ஏஎம்டிதான் கெத்துன்னு கிளம்பிடாதீங்க, இன்டெல் கோர் ஒவ்வொண்ணும் கொஞ்சம் புது டிசைன், அதனால ஒரு கேம்ல இது முந்தும் இன்னொண்ணுல அது முந்தும், நடுத்தர கிராஃபிக்ஸ் கார்டு போட்டு 1080பில ஆடுறவங்களுக்கு வித்தியாசமே தெரியாது.

அப்புறம் எதை வச்சு முடிவு பண்றதுன்னா மதர்போர்டு, ரேம். கையில பழைய ஏஎம்4 போர்டு (5600 உக்கார்ற ஏஎம்டி சாக்கெட் அதுதான்) இருந்தா யோசிக்கவே வேணாம், போர்டு கம்பெனி சைட்ல சப்போர்ட் லிஸ்ட் பாத்துட்டு பயாஸ் (போர்டுக்குள்ள இருக்கற சாஃப்ட்வேர்) அப்டேட் பண்ணி 5600 போட்டுடுங்க, டிடிஆர்4 ரேமும் அப்படியே வேலைக்கு ஆகும். மொத்தமும் புதுசா வாங்குறீங்கன்னா ப்ராசசர் விலையை மட்டும் பாக்காம போர்டு ரேம் எல்லாம் கூட்டிப் பாருங்க, இன்டெல் பக்கம் போர்டைப் பொறுத்து டிடிஆர்4, டிடிஆர்5 ரெண்டும் உண்டு, ரேமை மாத்தி வாங்கிட்டா ஸ்லாட்லயே உக்காராது. ஏஎம்டியோட அடுத்த சாக்கெட்டான ஏஎம்5 பக்கம் போனா டிடிஆர்5 தவிர வேற வழியே இல்ல, பின்னாடி அப்கிரேடுக்கு அதுதான் நல்லது, ஆனா அதுக்காக கிராஃபிக்ஸ் கார்டுக்கு வச்ச காசுல கை வைக்கற நிலைமைன்னா வேணாம்.

இன்டெல்லோட ஐ3 12100எஃப் சும்மா சொல்லக்கூடாது, 4 கோர் வச்சுகிட்டு ஆவரேஜ் எஃப்பிஎஸ் (செகண்டுக்கு எத்தனை ஃப்ரேம்) நல்லாவே தரும். ஆனா ஓபன் வேர்ல்டு கேம்ல வேகமா வண்டி ஓட்டிகிட்டு கூட்டமான தெருவுக்குள்ள நுழையும்போது டக்குனு ஒரு ஜெர்க் அடிக்கும் பாருங்க, அது ஆவரேஜ்ல தெரியாது, 1% லோ, அதாவது ரொம்ப மெதுவா வந்த 1% ஃப்ரேமோட எஃப்பிஎஸ், அந்த நம்பர்லதான் தெரியும், பின்னாடி பிரவுசரும் வாய்ஸ் சாட்டும் ஓடினா இன்னும் மோசம்.

ஏஎம்டில ரைசன் 5 5500ன்னு ஒண்ணு இருக்கு, பேரைப் பாத்தா 5600க்கு தம்பி மாதிரி இருக்கும், உள்ள வேற சிப். கேஷ் 16 எம்பிதான், கார்டோட பேசுற பிசிஐஇ லைனும் பழைய 3.0, 5600ல 4.0. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி மாதிரி வெறும் 4 லேன் (டேட்டா போற பாதை) இருக்கற கார்டை அதுல சொருகினா கார்டுக்கு மூச்சு முட்டும், மெமரி 4 ஜிபி ரொம்பினதும் தடுமாறும். 5600ஓட விலை வித்தியாசம் ரொம்ப கம்மின்னா 5500 பக்கம் திரும்பாதீங்க.

இவ்வளவும் வாங்கறதுக்கு முன்னாடி, இப்ப இருக்கற ப்ராசசர்தான் பிரச்சனையான்னு ஒருவாட்டி பாத்துக்கோங்க. என் பழைய மெஷின்ல ஒரு கேம் 1080பில 50 சொச்சம் எஃப்பிஎஸ் ஓடிச்சு, 720பிக்கு இறக்கினேன், அதே 50 சொச்சம், கார்டு யூசேஜ் பாதிதான் காட்டுது, அப்பதான் ப்ராசசர் சோறு போடாம கார்டு பட்டினி கிடக்குதுன்னு புரிஞ்சுது. 720பில எஃப்பிஎஸ் ஜம்முனு ஏறிச்சுன்னா ப்ராசசரை விட்டுட்டு காசை கார்டுல போடுங்க. ரேம் ஒத்தை ஸ்டிக்கா இருந்தா முதல்ல அதைச் சரி பண்ணுங்க, ரெண்டு ஸ்டிக் போட்டு டூயல் சேனல் ஆக்கினாலே சில கேம்ல நல்லா தெரியும்.

அப்புறம் அந்த எஃப். பேர் கடைசியில எஃப் இருந்தா உள்ளுக்குள்ள கிராஃபிக்ஸ் கிடையாது, கார்டு பழுதானா டிஸ்ப்ளேவே வராது. 5600ல எஃப் இல்ல, ஆனா அதுலயும் கிராஃபிக்ஸ் இல்ல, வேணும்னா 5600ஜி. நான் 12400எஃப் மாட்டின அன்னிக்கு ஸ்கிரீன் கருப்பா நிக்குது, ரேமைக் கழட்டி மாட்டறேன், பவர் கேபிளைப் பிடுங்கிச் சொருகறேன், ஒரு மணி நேரம் வேர்த்து விறுவிறுத்து கடைசியில பின்னாடி எட்டிப் பாத்தா எச்டிஎம்ஐ கேபிள் கார்டுல இல்ல, போர்டுல சொருகியிருக்கு.