எண்ணெய்க் கழிவுநீருக்கு முதலில் எது: ஆர்கனோகிளேயா, கார்பனா?

வண்டி கழுவும் இடமோ, லேத் பட்டறையோ, ஆயில் செப்பரேட்டரைத் தாண்டி வரும் நீரிலும் நுண்ணிய எண்ணெய்த் துளிகள் மிச்சம் இருக்கும். ஆறு, குளத்தில் விடும் நீரில் எண்ணெயும் கிரீஸும் லிட்டருக்கு 10 மி.கி.யைத் தாண்டக் கூடாது. அதற்காகப் பலர் நேரே கார்பன் (நுண்துளைகள் நிறைந்த ஆக்டிவேட்டட் கரி) பில்டர் வைத்துவிடுகிறார்கள். எங்கள் தேர்வு: முன்னால் ஆர்கனோகிளே (எண்ணெயைப் பிடிக்கும்படி மாற்றிய களிமண்), பின்னால் கார்பன்.

நீரில் கரைந்த பென்சீன், பீனால் போன்றவற்றைப் பிடிக்கக் கார்பன்தான் சரி; அதில் விவாதமே இல்லை. சிக்கல் எண்ணெயில். கார்பனின் நுண்துளைகளில் பெரும்பாலானவை 2 நானோமீட்டருக்கும் குறைவு; எண்ணெய்த் துளியோ மைக்ரான் கணக்கு. துளி வெளியே படிந்து வாயை அடைத்துவிடும். உள்ளே இடம் காலியாகவே கிடக்கும். நீரை எதிர்த்திசையில் விட்டு அலசினாலும் (பேக்வாஷ்) அந்தப் பிசுக்கு போகாது. தன் எடையில் சுமார் 10 சதவீத எண்ணெயோடு கார்பன் ஓய்ந்துவிடும்.

ஆர்கனோகிளே என்பது பெண்டோனைட் என்ற களிமண்தான். அதன் அடுக்குகளுக்கு இடையே உள்ள சோடியத்தை வெளியேற்றி, 16 கார்பன் அணு நீள வால் கொண்ட குவாட்டர்னரி அமோனியம் உப்பை (எ.கா. ஹெச்டிடிஎம்ஏ புரோமைடு) ஏற்றுகிறார்கள். எண்ணெய் அந்த வால்களுக்குள் கரைந்து பரவுவதால், அடைபட வாய் என்று ஒன்று இல்லை. தன் எடையில் பாதி வரை எண்ணெய் பிடிக்கும்.

தயாரிப்பில் அளவு முக்கியம். அயனிப் பரிமாற்றத் திறன் (சோடியத்துக்குப் பதில் வேறு அயனியை ஏற்கும் அளவு) 100 கிராமுக்கு 90 மில்லிஈக்விவலன்ட் உள்ள களிமண் என்றால், அதன் 100 கிராமுக்கு ஹெச்டிடிஎம்ஏ புரோமைடு 33 கிராம் போதும். கலக்கியபின், கழுவிய நீரில் சில்வர் நைட்ரேட் சொட்டு விட்டால் வெளிர்மஞ்சள் கலங்கல் தோன்றாமல் போகும் வரை கழுவ வேண்டும். உப்பு கூடினால் ஒட்டாதது நீரோடு கசியும். நுரைக்கும், அடுத்து ஏரேஷன் தொட்டி (காற்றூட்டி பாக்டீரியாவால் நீரைச் சுத்திகரிக்கும் தொட்டி) இருந்தால் அங்குள்ள பாக்டீரியாவையும் கொல்லும்.

வாங்கும்போது கிலோ விலையைப் பார்க்காதீர்கள். ஒரு கிலோ எண்ணெயைப் பிடிக்க என்ன செலவு என்று பாருங்கள். நாளுக்கு 20 கிலோலிட்டர் நீர், லிட்டருக்கு 50 மி.கி. எண்ணெய் என்றால் தினமும் ஒரு கிலோ எண்ணெய். 200 கிலோ கார்பன் கணக்குப்படி 20 நாள் தாங்கும். அதே எடையில் சுத்த ஆர்கனோகிளே 100 நாள். ஆனால் சுத்த ஆர்கனோகிளே எண்ணெய் குடித்து உப்பி நீர் செல்லும் வழியை அடைக்கும் என்பதால், அதில் 30 பங்கோடு 70 பங்கு ஆந்த்ரசைட் (கடின நிலக்கரி) கலந்தே பெரும்பாலும் விற்கிறார்கள். அப்போது 200 கிலோவில் களிமண் 60 கிலோதான், 30 நாள். ஆகவே, "50 சதவீதம்" என்று சொல்பவரிடம் அது கலவைக்கா, சுத்தக் களிமண்ணுக்கா என்று கேளுங்கள். கலவையானாலும் லாபம் உண்டு: எண்ணெய் படாத பின்வரிசைக் கார்பன் நெடுநாள் உழைக்கும்.

குறையும் உண்டு. கார்பனை நீராவியில் 800, 900 டிகிரிக்குச் சூடாக்கி மீட்கலாம். எண்ணெய் ஊறிய ஆர்கனோகிளேயை நடைமுறையில் மீட்பதில்லை. 2016 அபாயகரக் கழிவு விதிகளின்படி அனுமதி பெற்ற இடத்துக்கே அனுப்ப வேண்டும். சிமென்ட் சூளை ஏற்றுக்கொண்டால் நல்லது: எண்ணெய் எரியும், களிமண்ணின் சிலிக்காவும் அலுமினாவும் கிளிங்கரில் (அரைத்தால் சிமென்ட் ஆகும் கட்டி) சேரும்.

ஷாம்பு கலந்து பால்போல் வெளுத்த நீருக்கு இரண்டையுமே நம்ப வேண்டாம். முதலில் அமிலமோ படிகாரமோ போட்டு ஜார் டெஸ்டில் (சிறு ஜாடிகளில் செய்யும் சோதனை) எண்ணெய் பிரிகிறதா என்று பாருங்கள். மணல் பில்டர் முன்னால் கட்டாயம். ஆர்கனோகிளே, கார்பன் இரண்டும் உள்ள கலன்களுக்கு நடுவே ஒரு சாம்பிள் குழாய் வையுங்கள். அதில் பிடித்த நீரில் எண்ணெய்ப் படலம் மினுங்கினால், கார்பன் கெடும் முன் களிமண்ணை மாற்றிவிடுங்கள்.