1911 ரூபாய் வாங்கப் போகிறீர்களா? முதலில் யானையைப் பாருங்கள்

போன மாதம் ஒரு நாணயக் கண்காட்சியில் 7,500 ரூபாய் ஏமாந்தேன். புதிதாகக் காசு சேர்க்கும் யாரும் இதே இடத்தில் வழுக்கக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

ஐந்தாம் ஜார்ஜ் படம் போட்ட 1911 வெள்ளி ரூபாய்க்குச் சேகரிப்பவர்கள் வைத்த பெயர் 'பன்றி ரூபாய்'. மன்னரின் அங்கியில் சின்னதாக ஒரு யானை உண்டு. அந்த ஆண்டு அச்சில் தும்பிக்கை குட்டையாகிப்போக, பார்வைக்குப் பன்றி போலவே இருந்தது. முஸ்லிம்கள் மனம் புண்பட்டு எதிர்ப்புக் கிளம்பவே, அரசு அந்தக் காசைத் திரும்பப் பெற்று உருக்கியது. அடித்தது சுமார் 94 லட்சம், வெளியே போனது 7 லட்சம் அளவுதான். 1912 முதல் தும்பிக்கை தெளிவாகத் தெரியும்படி அச்சை மாற்றிவிட்டார்கள்.

விற்றவர் அட்டை ஹோல்டரில் ஆண்டு இருக்கும் பக்கத்தை மேலே வைத்திருந்தார். யானை இருப்பது மறுபக்கம். "1911, நல்லாப் பாத்துக்குங்க சார்" என்றார். பார்த்தேன். எடை 11.6 கிராம், சரி. காந்தம் ஒட்டவில்லை. தட்டினால் வெள்ளியின் ஓசை. காசு உண்மையான அரசாங்கக் காசுதான், அதில்தான் மயங்கிவிட்டேன்.

வீட்டில் லென்ஸ் வைத்துத் திருப்பினால், தும்பிக்கை அழகாகத் தொங்கும் யானை! வயிறு கலங்கிவிட்டது. அப்புறம்தான் ஆண்டை உற்றுப் பார்த்தேன். கடைசி 1 மட்டும் மற்றவற்றைவிட ஒல்லி, லேசான சாய்வு, சுற்றிலும் சுரண்டிய பளபளப்பு. பல வருடமாகச் சேகரிக்கும் நண்பர் பார்த்த உடனே சொன்னார்: 1917-இன் 7-ஐச் செதுக்கி 1 ஆக்கியிருக்கிறார்கள். 1917 ரூபாய் தாராளமாகக் கிடைப்பது; இப்போது அதையும் கெடுத்துவைத்திருக்கிறார்கள். நூறு வருடத்துக்கு மேல் தப்பிவந்த காசை இப்படிச் செய்ய எப்படி மனம் வந்ததோ, பணம் போனதைவிட அதுதான் எனக்கு வலிக்கிறது.

விற்றவருக்குப் போன் செய்தேன். "பாத்துத்தானே வாங்கினீங்க" என்று வைத்துவிட்டார். ரசீது கேட்டு வாங்காதது என் தவறு.

தேய்ந்த காசில் யானை மழுங்கியிருந்தால், ஆண்டை மட்டும் நம்பிப் பன்றி ரூபாய்க்கான விலை கொடுக்காதீர்கள். ஆறாம் ஜார்ஜின் 1939 ரூபாயிலும் இதே வேலை நடக்கிறது, 1938-இன் 8-ஐ 9 ஆக்கிவிடுகிறார்கள். அதில் சரிபார்க்க யானையும் கிடையாது. கடைசி எண்ணை லென்ஸில் பார்க்க விடாதவரிடம் அதை வாங்கவே வாங்காதீர்கள்.