குழாய்க்குள் அடைபட்ட காற்று: ஊரில் மூன்று நாள்

தேவகோட்டைக்குத் தெற்கே இருக்கும் எங்கள் ஊரில் இந்தத் தை மாதம் பதினெட்டு நாள் தங்கிவிட்டு மெல்பர்ன் திரும்பியிருக்கிறேன். விமானம், வாடகைக் கார், வங்கி, பத்திரப் பதிவு என்று பயந்துகொண்டே போன வேலைகள் எல்லாம் சொன்ன நாளில் முடிந்தன. அவற்றைப் பற்றி எழுத எதுவுமில்லை. எழுத வைத்திருப்பது பின்கட்டுக் குளியலறைக் குழாய். மேலே தொட்டி நிறையத் தண்ணீர் இருக்க, மூன்று நாள் அது எங்களுக்கு ஒரு சொட்டும் தரவில்லை.

நான் வருகிறேன் என்றதும் சித்தப்பா ஆசையோடு மெத்தையில், அதாவது மொட்டை மாடியில் ஏறி, தொட்டியைச் சுத்தமாகக் காலி செய்து, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவி வைத்திருந்தார். அப்பத்தா இருந்தவரை தொட்டி கழுவும் நாளில் முதலில், தொட்டியிலிருந்து குழாய்க்குத் தண்ணீர் போவதை நிறுத்தும் கேட் வால்வை மூடச் சொல்வார், அடியில் ஒரு சாண் தண்ணீர் கிடக்க வேண்டும் என்பதிலும் பிடிவாதமாக இருப்பார். அதெல்லாம் வயதானவர்களின் சிக்கனம் என்றே நாங்கள் நினைத்திருந்தோம். சித்தப்பாவும் வால்வை மூடத்தான் பார்த்திருக்கிறார். ஆனால் எங்கள் ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீர், பல வருடம் யாரும் திருகாத அந்த வால்வைக் கல்லாக இறுக்கியிருந்தது. மாதம் ஒரு முறை மூடித் திறந்திருந்தால் அது இறுகியிருக்காது. பூட்டிக் கிடக்கும் வீட்டில் அதை யார் செய்வது?

முதல் நாள் காலை குழாயைத் திறந்தேன். 'புஸ்' என்று ஒரு மூச்சு விட்டது, பிறகு சத்தமே இல்லை. பிளம்பருக்குத் தொலைபேசியில் சொன்னோம். "இந்தா வந்துக்கிட்டே இருக்கேண்ணே" என்றவர் மாலை ஐந்தரைக்கு வந்தார். மெல்பர்னில் பத்து மணிக்கு வருவதாகச் சொன்னவர் பத்தேகாலுக்கு வந்தாலே முகம் சுளிப்பவன் நான். ஆனால் அங்கே அவர் வாசலில் கால் வைப்பதற்கே நூறு டாலருக்கு மேல் எழுத வேண்டியிருக்கும் என்பதையும், 750 டாலரும் அதற்கு மேலுமான வேலைக்கு இணக்கச் சான்றிதழ் தர வேண்டும் என்ற விதி விக்டோரியா மாநிலத்தில் இருப்பதால் அவர் பொறுப்போடு வேலை செய்வார் என்பதையும் ஒரே மூச்சில் சொன்னால்தான் ஒப்பீடு நியாயமாக இருக்கும்.

வந்த இளைஞர் பொய் சொல்லவில்லை. குழாய்களை இணைக்கும் யூனியன் ஒன்றைக் கழற்றி, 1978-இல் போட்ட ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயின் வாயை டார்ச் அடித்துக் காட்டினார். உள்ளே துத்தநாகப் பூச்சு எப்போதோ போய், துரு முண்டுமுண்டாக வளர்ந்து, அரை அங்குலத் துளை பென்சில் நுழையும் அளவுக்குச் சுருங்கியிருந்தது. பார்த்ததும் எனக்கும் நம்பிக்கை வந்துவிட்டது. இரண்டாம் கட்டுத் தரையை உடைத்துப் புதிதாக சி.பி.வி.சி. பிளாஸ்டிக் குழாய் பதிக்க 38,000 ரூபாய் கேட்டார். அந்தத் தரை ஆத்தங்குடிக் கல். கண்ணாடித் தகட்டின் மேல் சாயக் கலவையைக் கையால் ஊற்றிச் செய்த அந்தக் கற்களை இன்றும் வாங்கலாம்; ஐம்பது வருடம் கால் பட்டு மெருகேறிய பச்சையையும் காவியையும் எங்கே போய் வாங்குவது? யோசித்துச் சொல்கிறோம் என்று அனுப்பிவிட்டோம். மறுநாள் வந்தவர் தரையைத் தொட வேண்டாம் என்றார், பதிலுக்கு பிரஷர் பம்ப் ஒன்றை 14,000 ரூபாய்க்குத் தள்ளப் பார்த்தார். மூன்று நாளும் கிணற்றில் இறைத்துக் குளித்தேன். முதல் நாள் அது சுகமாக இருந்தது. மூன்றாம் நாள் தோள்பட்டை வலித்தது.

மூன்றாம் நாள் மாலை சித்தப்பா ஒரு பெரியவரை சைக்கிள் பின்னால் உட்காரவைத்துக் கூட்டி வந்தார். பழைய மோட்டார் மெக்கானிக். கையில் ஒரு பைப் ரெஞ்சும் சைக்கிள் டியூப் கிழிசலும் மட்டுமே. குழாயைத் திறந்து காதை வைத்துக் கேட்டார். "தொட்டியைக் காய விட்டீகளா?" என்றார். சித்தப்பா தலையாட்டினார். "அப்ப காத்து நிக்கிது."

அவர் விளக்கியதை என் மொழியில் சொல்கிறேன். தொட்டியிலிருந்து வரும் குழாய் மெத்தைத் தரையில் படுத்து வந்து, கைப்பிடிச் சுவரில் இரண்டடி ஏறி, பிறகு சுவரோடு இறங்கித் தரைக்கடியில் ஓடிக் குளியலறையில் மறுபடி மேலே ஏறுகிறது. தொட்டி காய்ந்தபோது சுவரோடு இறங்கும் பகுதியில் காற்று புகுந்துகொண்டது. தரைக்கடியில் பழைய தண்ணீர், மேலே புதுத் தண்ணீர், நடுவில் காற்று. இறங்குகிற பத்தடியில் தண்ணீர் நின்றால்தான் அந்த உயரம் அழுத்தமாக மாறும். காற்று நின்றால் அத்தனை உயரமும் வீண். ஆஸ்திரேலியாவில் வீட்டுக்குள் வரும் அழுத்தம் 500 கிலோபாஸ்கலைத் தாண்டக் கூடாது என்று விதியே இருக்கிறது; ஏறத்தாழ ஐம்பது மீட்டர் உயரத் தண்ணீருக்குச் சமமான அழுத்தம் அது. அப்படிப்பட்ட அழுத்தத்தின் முன் காற்று நிற்காது. எங்கள் தொட்டியோ குழாய்க்கு மேலே நான்கு மீட்டர்தான்.

தோட்டத்துக்காக மோட்டார் லைனில் பிரித்திருந்த குழாயில் ஹோஸின் ஒரு முனையை மாட்டி, மறுமுனையைக் குளியலறைக் குழாயின் வாயில் செருகி, டியூப் கிழிசலால் எச்சில் தொட்டு இறுக்கிச் சுற்றினார். என்னை மெத்தைக்கு அனுப்பித் தொட்டியின் மூடியைத் திறந்து பார்க்கச் சொன்னார். கீழே மோட்டார் உறுமியது. சிறிது நேரம் ஒன்றுமில்லை. திடீரென்று தொட்டியின் அடியிலிருந்து குபுகுபுவென்று கொப்புளங்கள் கிளம்பின, துருக்கலங்கலோடு தண்ணீர் பொங்கியது, சட்டையெல்லாம் நனைந்தது. "வருது, வருது" என்று பத்து வயதுப் பையனைப் போல் கத்தினேன். கீழே குழாய் முதலில் செந்நிறமாகவும், பிறகு தெளிவாகவும் ஓடியது. இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டார், அதையும் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லி.

போவதற்கு முன் மெத்தைக்கு ஏறி வந்தவர், கைப்பிடிச் சுவரின் மேல் குழாய் வளையும் இடத்தைத் தடவிப் பார்த்தார். "இங்க கைத்தடி மாதிரி ஒரு காத்துக் குழா நின்னுச்சே, தொட்டியை விட ஒசரமா. நாந்தான் வச்சேன். எங்க அது?"

தங்கையின் கல்யாணத்துக்காக 2019-இல் வீட்டுக்கு வெள்ளையடித்தபோது, முகப்பை அசிங்கமாக்குகிறது என்று அதை அறுத்து மூடி போடச் சொன்னவன் நான். சித்தப்பா என் பக்கம் திரும்பாமலே, "கஜாப் புயல்ல விழுந்துருச்சுண்ணே" என்றார்.

பெரியவர் குனிந்து, நேராக அறுபட்டிருந்த விளிம்பில் விரலை வைத்தார். "புயல் ரம்பத்தோடயா வந்துச்சு?"

பிறகு நான்கடிக் குழாய் ஒன்று, வளைவுக்கு எல்போ இரண்டு, மூன்று பக்கம் இணைக்கும் 'டீ' ஒன்று என்று சிகரெட் அட்டையின் பின்புறம் எழுதி, அதை என் கையில் கொடுத்தார்.