உறவுக்காரர் கூட்டா, பலதரப்பட்டவர் கூட்டா? பர்மா வட்டிக்கடைகளும் திருப்பூர் பனியன் கம்பெனிகளும்

தொழில் தொடங்க நினைப்பவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, யாரைக் கூடச் சேர்த்துக்கொள்வது என்பது. சொந்தபந்தத்தையும் சொந்தச் சமூகத்தாரையும் வைத்துத் தொடங்கினால் பணம் விரைவில் புரளும், நம்பிக்கைக்குத் தனியாக விலை கொடுக்க வேண்டியிருக்காது. வெவ்வேறு ஊர், மொழி, சாதி, படிப்பு உள்ளவர்களைச் சேர்த்தால் பார்வை விரியும், ஆனால் ஒருவரையொருவர் நம்புவதற்கே காலம் பிடிக்கும். பொதுப்படையாகப் பேசும்வரை இரண்டு வழிக்கும் சம நியாயம் இருப்பதுபோலத் தோன்றும். நடந்தவற்றை வைத்துப் பார்த்தால் உறவு வழி குறிப்பிட்ட காலம் வரைக்கும் மட்டுமே உதவுகிறது என்பது என் முடிவு. பர்மாவில் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) நடத்திய வட்டிக்கடைகளும், இரண்டு வழிகளும் ஒரே தெருவில் போட்டியிட்ட திருப்பூரும் அதற்குச் சான்று.

வட்டிக்கடையின் பலமும் பலவீனமும்

நகரத்தார் கடையில் சேரும் சிறுவர் பெட்டியடிப் பையனாகத் தொடங்குவார். கணக்குப்பிள்ளையின் கைப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேரேடு எழுதவும், வட்டி போடவும், ஐந்தொகை (வரவு செலவு, சொத்து, கடன் நிலைக் கணக்கு) எடுக்கவும் பழகி, பிறகு ஏஜண்டுக்கு உதவியாளரான அடுத்தாளாகி, தேறினால் ஏஜண்டாகக் கடல் கடந்து போவார். வழக்கமான பணித் தவணை மூன்று ஆண்டு. சம்பளமும் நிபந்தனைகளும் சம்பளச் சீட்டில் எழுதப்பட்டிருக்கும். முதலாளி செட்டிநாட்டில் இருக்க, பர்மாவின் துறைமுக நகரங்களான ரங்கூனிலோ மௌல்மீனிலோ இருக்கும் ஏஜண்டு தம் சொந்தத் தீர்மானத்தில் பெருந்தொகைகளைக் கடன் கொடுப்பார். நடுவில் வங்காள விரிகுடா முழுவதும் கிடந்தது. இன்றைய நிறுவனம் தணிக்கைக்கும் வழக்கறிஞருக்கும் மேற்பார்வைக்கும் செலவிடுவதில் பெரும்பகுதி அவர்களுக்குத் தேவைப்படவில்லை. ஒன்பது கோயில்களைச் சேர்ந்த ஒரே சமூகத்துக்குள் பெண் கொடுப்பதும் எடுப்பதும், அடுத்த தவணைக்கு வேலை கிடைப்பதும், நாளை சொந்தக் கடை வைக்கக் கடன் கிடைப்பதும் அந்த ஒரு மனிதரின் நாணயத்தைப் பொறுத்தே இருந்தன.

கடைகள் ஒன்றுக்கொன்று பணம் கொடுத்து வாங்கின. அந்தக் கொடுக்கல் வாங்கலுக்கான நடப்பு வட்டி, ரங்கூன் மொகல் தெருக் கோயிலில் கூடிப் பேசித் தீர்மானிக்கப்பட்டது. மாகாண வங்கித் தொழில் விசாரணைக் குழு 1929–30இல் ஆராய்ந்தபோது, பர்மாவில் அவர்களுடைய நடைமுறை மூலதனம் சுமார் 75 கோடி ரூபாய் என்று மதிப்பிடப்பட்டது. ஐராவதி வடிநிலத்தின் நெல் வயல்களுக்குப் பணம் பாய்ச்சிய கால்வாய் இந்த உறவு வலைதான். உறவை அடித்தளமாக வைத்த தொழில் இதைவிட உயரத்துக்குப் போன சான்று தமிழரிடையே வேறில்லை என்றே நினைக்கிறேன்.

ஆனால் அதே உறவு, எல்லோரையும் ஒரே பக்கம் பார்க்க வைத்தது. எல்லாக் கடைகளும் நெல்லை நம்பி, நிலத்தை அடமானமாகப் பிடித்து, ஒரே வகைக் கணக்கில் கடன் கொடுத்தன. 1930இல் உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்தபோது கடன் திரும்பவில்லை, நிலம் வந்து சேர்ந்தது. பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் 6 சதவீத நிலம் அவர்கள் கையில் இருந்தது. 1938இல் அது 25 சதவீதம். அவர்களுக்கு வேண்டியது பணமே தவிர நிலமன்று என்றாலும், பர்மிய உழவரின் கண்ணில் நிலத்தைப் பறித்த அந்நியர்களாக அவர்கள் மாறினார்கள். அவர்களுக்குப் பின்னால் நின்று கடன் கொடுத்த ஆங்கிலேய வங்கிகள் அந்தக் கோபத்தின் முன்வரிசையில் நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1942இல் ஜப்பானியப் படை நுழைந்தபோது கடைகளை விட்டு ஓடிவர நேர்ந்தது. விடுதலைக்குப் பின் 1948இல் நிலத்தை நாட்டுடைமையாக்கும் சட்டம் வந்தது. உயிரைப் பணயம் வைத்து உழைத்தவர்களின் தலைமுறைச் சேமிப்பு அப்படிக் கரைந்துபோனது வருத்தத்துக்குரியது.

இதைக் கெட்ட காலம் என்று மட்டும் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. கடை லாபத்தில் பங்குள்ள ஒரு பர்மியர், கோபம் எந்தத் திசையில் திரும்புகிறது என்பதைப் பத்தாண்டுகளுக்கு முன்பே சொல்லியிருக்கக்கூடும். அப்படிச் சொல்லும் இடத்தில் யாரும் இருக்கவில்லை. உறவுக் கூட்டில் செய்தி மிக வேகமாகப் பரவும்; ஆனால் அந்தக் கூட்டுக்கு எட்டாத செய்தி ஒருவருக்கும் எட்டாது.

தப்பியவர்களும் உண்டு. 1900இல் மௌல்மீனில் வட்டிக்கடையாகத் தொடங்கிய முருகப்பா குடும்பம், 1930களிலேயே சொத்துக்களைத் தாயகத்துக்கு நகர்த்தத் தொடங்கியது. பின்னர் அவர்கள் தேர்ந்தெடுத்தது பழைய வழியை அன்று. 1949இல் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸுடன் சேர்ந்து சைக்கிள் கம்பெனியும், 1954இல் ஓர் அமெரிக்க நிறுவனத்தோடும் ஓர் ஆங்கிலேய நிறுவனத்தோடும் கூட்டாக, அரைத்துத் தேய்க்கும் உராய்பொருள்கள் செய்யும் கார்போரண்டம் யுனிவர்சலும் தொடங்கினார்கள். மூலதனம் குடும்பத்தினுடையது, தொழில்நுட்பமும் தொழிற்சாலை ஒழுங்கும் வேறு பண்பாட்டிலிருந்து வந்தவை. உறவு மூலதனத்தை அயலாரின் அறிவோடு இணைக்கத் தெரிந்த குடும்பத்துக்கு இரண்டாவது வாழ்வு கிடைத்தது. ஆனாலும் உறவுக் கூட்டின் எல்லைகள் எளிதில் அழிவதில்லை: இதே குழுமத்தின் முதலீட்டு நிறுவனத்தில் இயக்குநர் பொறுப்புக் கேட்ட குடும்பத்துப் பெண் ஒருவர், 2020இல் பங்குதாரர் வாக்கெடுப்பில் தோற்கடிக்கப்பட்டார்.

ஒரே தெருவில் இரு வகை முதலாளிகள்

பர்மாவையும் இன்றைய சந்தையையும் ஒப்பிடுவது பொருந்தாது என்று ஒருவர் சொல்லலாம். அதனால்தான் திருப்பூர் முக்கியமாகிறது. அங்கே ஊரும் ஒன்று, பின்னலாடையும் ஒன்று, வாங்குநரும் பெரும்பாலும் ஒன்றே. கூட்டு மட்டும் வேறு. கொங்கு வட்டாரத்துக் கவுண்டர் சமூகத்தினர் கிணற்றுப் பாசனத்திலும் பருத்தியிலும் சேர்ந்த பணத்தைப் பனியன் தொழிலில் போட்டனர். அவர்களில் பலர் தையல் மேசையிலிருந்தே மேலே வந்தவர்கள். தொழிலாளியாக இருந்து, கான்ட்ராக்ட் எடுத்து, பிறகு சொந்தக் கம்பெனி வைத்தவர்கள். இன்னொரு பக்கம், தமிழ்நாட்டின் மற்ற பகுதிகளிலிருந்தும் வட இந்தியாவிலிருந்தும் பல சமூகத்தார் வந்து கம்பெனி தொடங்கினர்.

இந்த இரு தரப்பையும் பொருளியல் அறிஞர்கள் அபிஜித் பானர்ஜியும் கைவன் முன்ஷியும் ஒப்பிட்டு 2004இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். உள்ளூர்ச் சமூகத்தார் அதிக மூலதனத்தோடு தொடங்கினார்கள். எந்தக் கட்டத்திலும் இயந்திரங்களிலும் கட்டடங்களிலும் கூடுதலாகவே முதலீடு செய்திருந்தார்கள். வெளியிலிருந்து வந்தவர்கள் சிறிதாகத் தொடங்கியும் அவர்களுடைய உற்பத்தி வேகமாக வளர்ந்து, சில ஆண்டுகளில் முந்திவிட்டது. பணம் அதிகம் இருந்த இடத்தில் வளர்ச்சி அதிகம் இல்லை. காரணம், பணம் திறமையைத் தேடிப் போகாமல் உறவைத் தேடிப் போனது. சமூகத்துக்குள் சுற்றிய பணம் வெளியாரின் நல்ல கம்பெனிக்கு எளிதில் போய்ச் சேரவில்லை.

இதை வைத்து வெளியார் எல்லோரும் திறமைசாலிகள் என்று சொல்லிவிடக் கூடாது. அயலூருக்கு வந்து குறைந்த மூலதனத்தில் தாக்குப்பிடிக்கக்கூடியவர்கள்தான் வந்தார்கள் என்பதால் ஒப்பீடே ஓரளவு அவர்கள் பக்கம் சாய்ந்திருக்கிறது. மேலும், உள்ளூர்ப் பணம் இல்லாதிருந்தால் திருப்பூர் என்ற ஏற்றுமதி நகரமே உருவாகியிருக்குமா என்பது நியாயமான கேள்வி. முதல் இயந்திரத்தை வாங்கிப் போட்டு, சாயப்பட்டறையும், கூலிக்கு வேலை செய்து கொடுக்கும் ஜாப் ஒர்க் கடைகளும் வளர இடம் கொடுத்தது அந்தப் பணம்தான். ஆகவே தொடக்கத்துக்கு உறவு, வளர்ச்சிக்குக் கலப்பு என்று நான் கணக்கிடுகிறேன்.

தையல் மேசையில் கலப்பு

முதலாளிகளின் கதை ஒருபுறம் இருக்க, இன்று திருப்பூரில் பன்மை அதிகம் தெரிவது தையல் லைனில். பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் ஓவர்லாக், பேட்லாக் தையல் இயந்திரங்களில் உட்கார்ந்திருக்க, கட்டிங் மாஸ்டரும் சூப்பர்வைசரும் தமிழ் பேசுகிறார்கள். டி-சர்ட்டின் கழுத்துப் பட்டியை இழுத்துத் தைத்தால் துவைத்ததும் அலை அலையாகச் சுருளும் என்பதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொழி புரியாதபோது சூப்பர்வைசர் ஒரு பீஸைத் தைத்துக் காட்டுவார், தொழிலாளி தலையாட்டுவார். எதற்காக இழுக்கக் கூடாது என்பது போய்ச் சேராது. அடுத்த துணி சற்றுத் தடிமன் மாறியதும் அதே பிழை வரும், செக்கிங் மேசையில் பீஸ்கள் குவியும். அப்போது "இவங்களுக்கு எத்தனை தடவை சொன்னாலும் புரியாது" என்ற பேச்சு கிளம்புகிறது. பிழை தொழிலாளியிடம் இல்லை. இரண்டு மொழியும் தெரிந்த ஒருவரைச் சூப்பர்வைசராக உயர்த்தாத நிர்வாகத்திடம் இருக்கிறது.

இப்படிப்பட்ட கலப்பு எவ்வளவு மெலிந்தது என்பதை 2023 மார்ச் காட்டியது. வட மாநிலத் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுகிறார்கள் என்று பொய்யான காணொளிகள் பரவின. காவல்துறை மறுத்தும், பீகார் அரசு அதிகாரிகள் குழு ஒன்றை இங்கே அனுப்ப வேண்டிய அளவுக்கு அச்சம் வளர்ந்தது. ஒரே கூரைக்குக் கீழ் ஆண்டுக்கணக்கில் வேலை செய்தவர்கள், பக்கத்து மேசைக்காரரைக் கேட்டுத் தெரிந்துகொள்வதற்கு முன் கைப்பேசியில் வந்ததை நம்பினார்கள் என்றால், அவர்கள் ஓரிடத்தில் வேலை செய்தார்கள், அவ்வளவுதான், குழுவாக இருக்கவில்லை.

இங்கேதான் இரண்டு வழிகளுக்கும் உள்ள உண்மையான வேறுபாடு தெரிகிறது. உறவுக் கூட்டுக்கு விதிகள் தயாராகவே இருக்கின்றன; கோயிலும் கல்யாணமும் ஊர்ப் பெரியவர்களும் அவற்றைக் காக்கிறார்கள். கலப்புக் கூட்டில் அந்த வேலையை நிர்வாகம் செலவழித்துச் செய்ய வேண்டும்: எழுதி வைத்த சம்பள விகிதம், இரண்டு மொழியில் அறிவிப்பு, யாருக்கும் பொதுவான பதவி உயர்வு, முறையிட ஓரிடம். இந்தச் செலவைச் செய்யாமல் பல மாநிலத்தாரைக் குறைந்த கூலிக்குக் கொண்டுவந்து அமர்த்துகிறவர், உறவுக் கூட்டின் நம்பிக்கையையும் இழக்கிறார், கலப்புக் கூட்டின் அறிவையும் பெறுவதில்லை. மூன்று நிலைகளில் இதுவே மிக மோசமானது; இன்று நம் தொழில் நகரங்களில் அதிகம் காணப்படுவதும் இதுதான்.

கையில் முதல் இல்லாமல், வங்கி வாசலில் மதிப்பில்லாமல் தொடங்குகிறவருக்கு உறவினர் பணத்தை வாங்காதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். வாங்கும்போதே, பணம் போட்டவரின் மகன் என்பதற்காக மட்டும் ஒருவர் தொழிற்சாலைப் பொறுப்புக்கு வரமாட்டார் என்று எழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள் என்பேன். வெளிநாட்டு வாங்குநரைக் கையாளத் தொடங்கும் ஆண்டில், அந்தச் சந்தையை அறிந்த, உங்கள் சமூகத்தைச் சேராத ஒருவருக்குச் சம்பளத்தோடு லாபத்திலும் பங்கு கொடுங்கள். தையல் லைனில் ஒடியா பேசுபவர்கள் பத்துப் பேர் இருந்தால், அவர்களில் ஒருவருக்குச் சூப்பர்வைசர் பயிற்சியை அந்த ஆண்டே தொடங்கிவிடுங்கள்.