போனஸா, ராயல்டியா, விற்பனையா: டெக்சாஸில் எண்ணெய் லீஸ் கேட்டு வந்தால்

டெக்சாஸில் ஊருக்கு வெளியே நாற்பது ஐம்பது ஏக்கர் வாங்கிப் போட்டிருக்கும் நம்மவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலருக்கு ஒருநாள் 'லேண்ட்மேன்' என்று சொல்லிக்கொண்டு ஒருவர் கடிதம் அனுப்புவார், அல்லது போன் செய்வார். உங்கள் நிலத்துக்கு அடியில் இருக்கும் எண்ணெய், எரிவாயு உரிமையை லீஸுக்குத் தருகிறீர்களா என்று கேட்பார். தஞ்சாவூர்ப் பக்கம் வயல் வைத்திருப்பவருக்கு இப்படி ஒரு கடிதம் வராது. அங்கே பட்டா யார் பெயரில் இருந்தாலும் அடியில் உள்ள எண்ணெய் அரசாங்கத்துடையது. வயலில் எண்ணெய்க் கிணறு தோண்டினால் நிலத்தைப் பயன்படுத்தியதற்கு இழப்பீடு கிடைக்கும், எண்ணெயில் பங்கு கிடைக்காது. அமெரிக்காவில் அந்தப் பங்கு தனியாருக்கு உண்டு. அதனால்தான் பேரம் பேச இடம் இருக்கிறது.

பேரத்துக்கு முன்னால், பேரம் பேச உங்களிடம் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டெக்சாஸில் மேல்நிலம் ஒருவருக்கும் அடிக்கனிமம் இன்னொருவருக்கும் இருப்பது சர்வ சாதாரணம். பல தலைமுறைக்கு முன் விற்றவர் கனிமத்தைத் தனக்கு வைத்துக்கொண்டு பத்திரம் எழுதியிருக்கலாம். அப்படியென்றால் ராயல்டி, அதாவது விற்பனையில் கனிம உரிமையாளருக்கு வரும் பங்கு, அவருடைய வாரிசுகளுக்குப் போகும். உங்கள் நிலத்தில் நியாயமான அளவுக்குப் பாதை போடவும் ரிக் (துளையிடும் எந்திரம்) நிறுத்தவும் அவர்களுக்கு உரிமையும் உண்டு. வேறொரு வகையும் இருக்கிறது. 1895 முதல் 1931 வரை மாநில அரசு கனிமத்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டு விற்ற பள்ளி நிதி நிலங்களில், மேல்நிலத்துக்காரர் அரசின் முகவராக இருந்து லீஸ் கொடுப்பார். போனஸிலும் (லீஸுக்குக் கையெழுத்துப் போடும்போது தரும் தொகை) ராயல்டியிலும் பாதி அவருக்கு. கவுண்டி அலுவலகத்துப் பதிவேட்டைப் பார்க்காமல் லேண்ட்மேனிடம் ஒரு தொகையையும் சொல்லாதீர்கள்.

சரி, கனிமம் முழுக்க உங்களுடையது என்று வைத்துக்கொள்வோம். கணக்குக்காக 40 ஏக்கர். இரண்டு நிறுவனங்கள் கேட்கின்றன. முதலாவது ஏக்கருக்கு 4,000 டாலர் போனஸ், 20 சதவீத ராயல்டி. இரண்டாவது 2,500 டாலர் போனஸ், 25 சதவீத ராயல்டி. போனஸில் மட்டும் வித்தியாசம் 60,000 டாலர். அதுவும் உடனே கைக்கு வருவது.

உங்கள் 40 ஏக்கரை அக்கம்பக்கத்து நிலங்களோடு 640 ஏக்கர் தொகுப்பில் சேர்ப்பார்கள். இதற்குப் பூலிங் என்று பெயர். தொகுப்பில் உங்கள் பங்கு 6.25 சதவீதம். ராயல்டியில் 5 சதவீத வித்தியாசம் என்பது, மொத்த விற்பனையில் 0.3125 சதவீதமாகத்தான் உங்கள் கைக்கு வந்து சேரும். அந்தக் காசு 60,000 டாலரை எட்ட, தொகுப்பிலிருந்து 1 கோடியே 92 லட்சம் டாலருக்கு எண்ணெய் விற்றிருக்க வேண்டும். பீப்பாய் 65 டாலர் என்றால் ஏறக்குறைய 2,95,000 பீப்பாய். மேற்கு டெக்சாஸின் பெர்மியன் எண்ணெய்ப் படுகையின் நல்ல பகுதியில், ஒரே தொகுப்பில் பல கிணறுகள் இறங்கும் இடத்தில், இது எட்டக்கூடிய அளவுதான். படுகையின் ஓரத்தில், பக்கத்தில் ஒரு கிணறும் இல்லாத இடத்தில், கிணறே தோண்டாமல் லீஸ் காலாவதியாகிப் போகும் வாய்ப்பு அதிகம். அங்கே போனஸை வாங்கிப் பையில் போடுவதே புத்திசாலித்தனம். சுற்றிலும் கிணறு தோண்ட பர்மிட் எடுத்திருக்கிறார்களா என்பதை ரெயில்ரோடு கமிஷன் பதிவுகளில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். (பெயர்தான் அப்படி, அந்த மாநிலத்தில் எண்ணெய்க் கிணறுகளை மேற்பார்வை செய்வது அவர்கள்தான்.)

பெரும்பாலான பேரம் இந்த இரண்டு எண்களோடு முடிந்துவிடுகிறது. என்னைக் கேட்டால், 20க்கும் 25க்கும் உள்ள வித்தியாசத்தைவிட, அந்தச் சதவீதம் எதன் மேல் கணக்கிடப்படுகிறது என்பதுதான் பெரிய வித்தியாசம். எரிவாயு கிணற்றிலிருந்து அப்படியே விற்பனைக்குப் போவதில்லை. குழாயில் சேர்த்து, அழுத்தி, சுத்தம் செய்து சந்தைக்கு அனுப்ப வேண்டும். ஆயிரம் கன அடி 3 டாலருக்கு விற்கிறது, இந்தச் செலவு 1 டாலர் என்று வையுங்கள். லீஸில் 'கிணற்றடியில் சந்தை மதிப்பு' என்று எழுதியிருந்தால் 2 டாலரில் 25 சதவீதம், அதாவது 50 சென்ட். 'மொத்த விற்பனைத் தொகையில், எந்தச் செலவும் கழிக்காமல்' என்று இருந்தால் 3 டாலரில் 20 சதவீதம், 60 சென்ட். சின்னச் சதவீதம் ஜெயித்துவிட்டது!

'செலவு கழிக்கக் கூடாது' என்று ஒரு வரி சேர்த்தால் போதும் என்று நினைத்துவிட வேண்டாம். டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் 1996இல் ஒரு வழக்கில், லீஸ் ராயல்டியைக் கிணற்றடி மதிப்பில் கணக்கிடச் சொல்லியிருந்ததால், கழிக்கக் கூடாது என்ற வரிக்கு வேலையே இல்லை என்று நிறுவனத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2023இல் டெவன் என்ற எண்ணெய் நிறுவனத்தோடு நடந்த வழக்கில் நிலத்துக்காரர்கள் வென்றார்கள். வாங்குபவர் விலையில் கழித்துக்கொண்ட செலவையும் திரும்பச் சேர்த்து ராயல்டி தர வேண்டும் என்று அவர்களுடைய லீஸில் தெளிவாக எழுதியிருந்தது. பென்சில்வேனியாவில் 1979ஆம் ஆண்டுச் சட்டம் எட்டில் ஒரு பங்கு ராயல்டியாவது கட்டாயம் என்கிறது. ஆனால் செலவு கழித்த பிறகு அந்த எட்டில் ஒரு பங்கைக் கணக்கிட்டாலும் சட்டத்துக்கு விரோதமில்லை என்று அங்கே 2010இல் தீர்ப்பு வந்தது. ஆகவே இரண்டு லீஸ்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது முதல் பக்கத்தை விட்டுவிட்டு ராயல்டிப் பத்தியைத் தேடுங்கள். மேலே 'புரொடியூசர்ஸ் 88' என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து, மாற்ற முடியாத அரசாங்கப் படிவம் என்று மயங்காதீர்கள். அந்தத் தலைப்பில் ஆளுக்கொரு வாசகம் உலவுகிறது.

அடுத்தது காலம். மூன்று வருடம், பிறகு இரண்டு வருட நீட்டிப்பு என்பது வழக்கமான பேச்சு. நீட்டிப்புக்குத் தனிப் பணம் கேளுங்கள், அல்லது அந்த வரியையே அடியுங்கள். ஒரு கிணறு உற்பத்திக்கு வந்துவிட்டால் அது ஓடும்வரை லீஸ் ஓடும். 300 ஏக்கர் உள்ளவரின் 40 ஏக்கர் மட்டும் தொகுப்பில் போனாலும், மீதி 260 ஏக்கரும் பழைய விலையில் கட்டுண்டு கிடக்கும். அதை விடுவிக்கும் லீஸ் நிபந்தனைதான் 'பியூ கிளாஸ்' (Pugh clause). 40 ஏக்கரும் தொகுப்புக்குள் போய்விடும் சின்ன நிலத்துக்காரருக்கு இதில் பெரிய லாபமில்லை. அவருக்கு ஆழப் பிரிவு முக்கியம்: கிணறு எடுக்கும் அடுக்குக்குக் கீழே உள்ளவை திரும்ப வந்துவிட வேண்டும். பெர்மியனில் எண்ணெய் அடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்றாக இருப்பதால் இதற்கு நல்ல விலை உண்டு.

லீஸே வேண்டாம், கனிமத்தை மொத்தமாக விற்றுவிடுங்கள் என்றும் கடிதம் வரும். வரிக் கணக்கில் இதற்கு ஒரு கவர்ச்சி இருக்கிறது. போனஸும் ராயல்டியும் சாதாரண வருமானம் (ராயல்டியில் 15 சதவீதத் தேய்மானக் கழிவு உண்டு). ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் மூலதன ஆதாயம், வரி குறைவு. ஷேல் (அடுக்குப் பாறை) கிணறு முதல் வருடத்திலேயே பாதிக்கு மேல் வற்றும் என்பதும் உண்மை. ஆனால் வாங்குகிறவருக்கும் இதெல்லாம் தெரியும், பர்மிட் விவரம் உங்களைவிட முன்னால் தெரியும். பணம் அவசரமாகத் தேவைப்பட்டால் பாதியை விற்பேன், முழுதும் விற்க மாட்டேன்.

காத்திருப்பதும் ஒரு வழிதான், ஆனால் அது எல்லா மாநிலத்திலும் ஒன்றல்ல. 2008இல் ஃபோர்ட் வொர்த் பக்கம் பார்னெட் ஷேலில் போனஸ் ஏக்கருக்கு 20,000 டாலரைத் தாண்டியது. இன்னும் ஏறும் என்று இருந்தவர்கள் பலர். அந்த ஜூலையில் 13 டாலர் தொட்ட எரிவாயு 2009 செப்டம்பரில் 3 டாலரை ஒட்டி வந்துவிட்டது, கேட்டவர்கள் காணாமல் போனார்கள். ஓக்லஹோமாவில் கையெழுத்துப் போடாமல் இருந்தால் கார்ப்பரேஷன் கமிஷன் (அங்கே எண்ணெய்க் கிணறுகளை மேற்பார்வை செய்யும் மாநில அமைப்பு) உத்தரவில் உங்களைத் தொகுப்பில் சேர்த்துவிடலாம். பெரும்பாலும் 20 நாள் தருவார்கள். அதற்குள் அதிக போனஸும் குறைந்த ராயல்டியுமா, குறைந்த போனஸும் அதிக ராயல்டியுமா என்று தேர்ந்தெடுக்க வேண்டும். பேசாமல் இருந்தால் உத்தரவில் சொன்ன பண வழிதான் உங்களுக்கு.

எந்த வழியில் கையெழுத்துப் போட்டாலும் பணம் எப்படி வருகிறது என்று கேளுங்கள். காசோலைக்குப் பதில் 30 நாள் டிராஃப்ட் (நிறுவனம் ஏற்றுக்கொண்டால்தான் பணமாகும் சீட்டு) ஒன்றைக் கொடுத்து, நோட்டரி போட்ட லீஸை வாங்கிப் போவது அங்கே வழக்கம். டைட்டில் (உரிமை ஆவணம்) சரியில்லை என்று சொல்லியோ சந்தை விழுந்தது என்றோ அந்த டிராஃப்டைத் திருப்பிவிட முடியும். அதற்குள் லீஸ் கவுண்டியில் பதிவாகியிருந்தால் வேறு யாரும் உங்களிடம் வர மாட்டார்கள். லீஸை வக்கீலிடமோ வங்கியிடமோ வைத்து, பணம் கணக்கில் ஏறிய பிறகே கொடுக்கச் சொல்லுங்கள்.